மூன்றாம் எதிர்மனுதாரர்

“ராசகிளீ... ராசகிளீ... ராசகிளீ...”

கேட்டதா? சுவருக்கு அந்தப் பக்கம் டவாலி கூப்பிடுகிறார். மூன்று தரம்தான் கூப்பிடுவார். அதற்குள் போய் நிற்காவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் அண்ணே, உட்காருங்கள். உங்கள் மனுவே இன்னும் உள்ளே போகவில்லை, பெயர் எப்படி வரும்? முதல் தரம் வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான், யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

கட்டைக் கொடுங்கள். சுப்புராஜ் குமாஸ்தாதானே அனுப்பினார்? தைத்துத் தருகிறேன். தாளெல்லாம் ஓரம் சேர்த்து, குத்தூசியால் மூன்று துளை போட்டு நூல் கோத்தால் முடிந்தது. நான் கோர்ட்டு ஆள் இல்லை. மில்லில் முழு நைட். காலையில் ஷிப்ட் விட்டால் நேராக பஸ் ஏறி இந்த வராந்தாவுக்கு வந்துவிடுவேன். வீட்டில் போய் என்ன செய்வது?

தமிழ்ச்செல்வன், வயது இருபத்தொன்பது. உங்களுக்கு என்ன உறவு?

தம்பியா.

எது மோதியது? டிராக்டரா. ம்.

முதலாம் மனுதாரர் மனைவி. இரண்டு, மகன், மூன்று வயது. மூன்று, தாய். வக்காலத்தில் உங்கள் அம்மா ரேகை இன்னும் விழவில்லையே? எங்கே அவர்கள்? மருமகளோடு காப்பி குடிக்கப் போயிருக்கிறார்களா? நல்லது. அவர்கள் வருவதற்குள் உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ரேகையை வைக்க விடாதீர்கள்.

அப்படிப் பார்க்காதீர்கள். பைத்தியக்காரன் என்று நினைத்தாலும் சரி. நான் ஐந்து வருஷம் இந்த வராந்தாவில் தேய்ந்தவன். நீங்கள் இன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றி உள்ளே எட்டிப்பார்க்கிறீர்கள்.

எனக்கும் தம்பிதான். அழகுராஜா. என்னைவிட ஒன்பது வயது இளையவன். அப்பா செத்தபோது அவனுக்கு ஆறு, எனக்குப் பதினைந்து. அந்த வாரமே மில்லுக்குப் போய்விட்டேன். நைட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் கூலி. அதனால் நைட். அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் பகலில் வேலை செய்கிறவர்கள் முகம் எனக்குச் சரியாகப் பழகவில்லை. அவனை ஐடிஐ படிக்க வைத்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்துக் கொடுத்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரும் பெண் தரவில்லை என்று ஊரில் சொல்வார்கள். தரவில்லை என்பது பொய். நான் கேட்கவில்லை.

அவனுக்குக் கேட்டேன். நாகஜோதி. தையல் கம்பெனியில் வேலை. குனிந்த தலை நிமிராத பெண் என்று தரகர் சொன்னார். தையல் மிஷினில் உட்கார்ந்தால் எல்லாப் பெண்ணும் குனிந்துதான் இருக்கும், அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு சமையலறை. நான் பகலில் கூடத்தில் படுப்பேன். ராத்திரியெல்லாம் மிஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்குப் பகலில் ஒரு பொட்டுச் சத்தம் கூடாது. இது நியாயம்தானே? நீங்களே சொல்லுங்கள். குக்கர் மூன்று விசில் விடலாமா? விடக் கூடாது என்றேன். அன்றையிலிருந்து விறகடுப்பில் வடித்தாள். வேண்டுமென்றே, புகை என் பக்கம் வர. பிள்ளை பிறந்தது. பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நிற்பாள், நல்ல வெயிலில். போகிற வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? என்னைக் கெட்டவனாக்கத்தானே அந்த நாடகம்? எங்கள் அம்மாவைப் பாருங்கள், இருமல்காரி. இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடும். அந்த இங்கிதம் அவளுக்கு இல்லை.

ஒரு நாள் என் தம்பி வந்து நின்றான். “அண்ணே, ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பாத்திருக்கேன்.” யார் சொல்லிக் கொடுத்த வார்த்தை அது? அவனுக்கு என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வராது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். போ என்றேன். எட்டு மாசம். எட்டே மாசம்தான் தனிக்குடித்தனம். பைபாஸில் திரும்பும்போது டிப்பர் லாரி.

அதை விடுங்கள். அதைப் பற்றிப் பேச நான் உங்களை உட்கார வைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வாரிசுச் சான்றுக்குப் போனோம். விஏஓ கேட்டார், “இறந்தவருக்கு யார் யாரு?” அம்மா, சம்சாரம், பிள்ளை என்று நாகஜோதி சொன்னாள். “நீங்க யாரு?” என்றார் என்னைப் பார்த்து. அண்ணன் என்றேன். “அண்ணனா? அப்ப அந்தப் பக்கம் சாட்சிக் கையெழுத்து போடுங்க.” பக்கத்து வீட்டு இட்லிக்காரர் கையெழுத்துக்குக் கீழே நான் போட்டேன். இருபத்தேழு வருஷம் அவனுக்குச் சோறு போட்டவன், இட்லிக்காரருக்குக் கீழே.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வக்காலத்தோடு வந்தாள். இதே மாதிரி பச்சைத் தாள்தான். மைப்பெட்டிகூட கையோடு கொண்டுவந்திருந்தாள்.

“அத்தை, இதுல ஒரு ரேகை வெச்சீங்கன்னா மூணு பேரும் ஒண்ணா மனு போட்டுரலாம்னு வக்கீல் சொன்னாரு.”

“எந்த மூணு பேரு?” நான்தான் கேட்டேன்.

“அத்தையும் நானும் பாப்பாவும்தான் மாமா. சட்டம் அப்படியாம்.”

“சட்டம் எனக்குத் தெரியும்.”

தெரியாது. அப்போது தெரியாது. அதற்கப்புறம்தான் பழைய புத்தகக் கடையில் சட்டப் புத்தகம் வாங்கினேன், தமிழில். மில்லில் நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போடுவேன், முடிச்சுப் போட்டுவிட்டு வந்து ஒரு வரி படிப்பேன். ஒரு மாசத்தில் முடித்தேன். எட்டாவது வரை படித்தவன் நான். சுப்புராஜ் குமாஸ்தாவே அசந்துபோனார். என்ன சொல்கிறது தெரியுமா அந்தப் புத்தகம்? மனைவிக்கு உண்டு. பிள்ளைக்கு உண்டு. தாய்க்கு உண்டு. அண்ணனுக்கு? செத்தவன் சம்பாத்தியத்தை நம்பி உயிர்வாழ்ந்திருந்தால் மட்டும் பார்க்கலாமாம். நான் எங்கே அவன் சம்பாத்தியத்தை நம்பி வாழ்ந்தேன்? அவன் என் சம்பாத்தியத்தில் வளர்ந்தான். நான் குடித்துவிட்டு அவன் வீட்டுத் திண்ணையில் கிடந்திருந்தால் எனக்குப் பங்கு உண்டு. ஆளாக்கிவிட்டதால் இல்லை.

பணத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு பைசா எனக்கு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பணத்துக்கு ஆசைப்பட்டிருந்தால் என்றைக்கோ ராசியாகப் போயிருப்பேன்.

ரேகை வைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் பிழைப்புக்கு என் அம்மா கைநாட்டா? அம்மாவின் ஆதாரை எடுத்துக்கொண்டுபோய் மில் லாக்கரில் வைத்துப் பூட்டினேன். நாகஜோதி மூன்று தரம் வந்தாள். மூன்றாவது தரம் அழுதாள். “அத்தைக்குச் சேர வேண்டியது மாமா, விட்டுப்போயிரும்” என்றாள். கதவைச் சாத்தினேன். எனக்குத் தூக்க நேரம்.

நாலு மாசம் கழித்துத் தபால்காரர் வந்து கதவைத் தட்டினார். அம்மா பெயருக்குச் சம்மன். பிரித்தேன். முதலாம் எதிர்மனுதாரர், லாரி உரிமையாளர். இரண்டாம் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாம் எதிர்மனுதாரர், வீரசின்னம்மாள்.

எப்படி இருக்கும், சொல்லுங்கள்! மகனைக் கொன்ற லாரிக்காரன் வரிசையில் பெற்றவளை நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும்? எதிரி நம்பர் ஒன்று, எதிரி நம்பர் இரண்டு, எதிரி நம்பர் மூன்று எங்கள் அம்மா. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன், சத்தமாகப் படித்தேன். சலூனில் படித்தேன். மில்லில் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வாசலில் நின்று படித்தேன். கேட்டவர்கள் எல்லாரும் காறித் துப்பினார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், இவள் இந்தப் பணத்தை நிம்மதியாகத் தின்னக் கூடாது.

சுப்புராஜ் குமாஸ்தா ஒரு நாள் என்னைப் பிடித்து உட்கார வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “யோவ், மனுவுல கையெழுத்துப் போடாத வாரிசை அந்தப் பக்கம்தான்யா காட்ட முடியும். பேரையே விட்டிருந்தா உங்கம்மா பங்கும் அந்தப் பொண்ணுக்குத்தான் போயிருக்கும். விட்டுப்போயிரக் கூடாதேன்னு சேத்திருக்குய்யா, கிறுக்கா.” அவர் அப்படித்தான் சொல்வார். அவள் வக்கீலுக்கும் அவர்தானே குமாஸ்தா? நான் நம்பவில்லை. சேர்க்க வேண்டும் என்று நினைத்தால் வீட்டுக்கு வந்து ரேகை வாங்கியிருக்கலாமே?

வந்தாள்தான். அது வேறு.

அம்மாவுக்குத் தனி வக்கீல் வைத்தேன். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான், வாய்தா வாங்குங்கள். பதினோரு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாகஜோதி கம்பெனியில் அரை நாள் சம்பளம் விட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். எனக்கென்ன, பகலெல்லாம் என்னுடையது. ஜட்ஜம்மா வேறு தேதி சொல்லும்போது நான் அந்தம்மாவைப் பார்க்க மாட்டேன், நாகஜோதி முகத்தைப் பார்ப்பேன். சாப்பிடாமல்கூட வந்துவிடுவேன், அதைப் பார்க்க.

இதில் எங்கள் அம்மா செய்த கூத்தைக் கேளுங்கள். நான் கூட்டிக்கொண்டு வருவேன். வந்ததும் அந்தப் பெஞ்சில், அதோ அந்தப் பெஞ்சில்தான், நாகஜோதி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்திருப்பாள். இரண்டும் சேர்ந்து தின்னும். பேத்திக்கு ஊட்டிவிடும். மனுதாரரோடு உட்கார்ந்து இட்லி தின்கிற எதிர்மனுதாரரை நீங்கள் எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். “அம்மா, தள்ளி உக்காருங்கம்மா, ஜட்ஜம்மா பாத்தா கேஸ் நிக்காது” என்றார். “நான் எங்கப்பா கேஸ் போட்டேன்?” என்றது அம்மா.

கடைசியில் நான் கூண்டில் ஏறினேன். அம்மா தரப்புச் சாட்சி. அதிலும் சாட்சிதான் பாருங்கள். ஆனால் இந்தத் தடவை இட்லிக்காரர் இல்லை, நான் மட்டும். எல்லாவற்றையும் சொன்னேன். அவனை அவள் பிரித்தாள் என்றேன். அவனைத் தவணைக்குச் சாமான் வாங்க வைத்து ஓட விட்டாள் என்றேன். நாளெல்லாம் போன் போட்டுக்கொண்டே இருப்பாள், அவன் வண்டியில் போகும்போதும் விட மாட்டாள் என்றேன். நாகஜோதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். வெள்ளை முடி, மெதுவான பேச்சு. அந்த ஐந்து வருஷத்தில் என்னை ‘ஐயா’ என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

“ரொம்ப நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்கய்யா. அன்னைக்கும் போன் பேசிக்கிட்டேதான் போனாரா தம்பி?”

“ஆமாங்க! அவதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா.”

“ஹெல்மெட் பழக்கம் உண்டா அவருக்கு?”

“எங்கங்க போட்டான்? அவ வாங்கிக் குடுத்தா, அப்பவும் போடல.”

“அப்ப அன்னைக்கும் போடல.”

“போடலைங்க.”

“நன்றிங்கய்யா. வேற கேள்வி இல்லை.”

நான் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். எப்படிப் பார்ப்பேன்? விபத்து மதியம் இரண்டு மணிக்கு. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கூண்டில் எத்தனை பேர் வாயைத் திறக்க முடியும்? அவள்தான் அவனைக் கொன்றாள் என்பது எனக்குத் தெரியும். அதை எந்த வழியாகவாவது சொல்ல வேண்டும். அந்த வழியாகச் சொன்னேன்.

தீர்ப்பு வந்தது. நகல் எப்போதும் பையில் இருக்கும், பாருங்கள். பதினோராவது பாரா. “இறந்தவரின் உடன்பிறந்த அண்ணனே இவ்வாறு சாட்சியம் அளித்திருப்பதாலும், அவர் பொய் சொல்ல எந்த முகாந்திரமும் இல்லாததாலும்...” படித்தீர்களா? உடன்பிறந்த அண்ணன். அச்சில் இருக்கிறது. வாரிசுச் சான்றில் இல்லாதவன், மனுவில் இல்லாதவன், தீர்ப்பில் இருக்கிறேன். அதனால் செத்தவன் பேரிலும் தப்பு உண்டு என்று, மொத்தத்தில் நூற்றுக்கு முப்பதைக் கழித்துவிட்டார்கள். மிச்சத்தில்தான் பங்கு. மனைவிக்கு நாற்பது, பிள்ளைக்கு நாற்பது, தாய்க்கு இருபது. பிள்ளைப் பங்கு பதினெட்டு வயது வரை பேங்கில் கிடக்கும், யாரும் தொட முடியாது.

அவளுக்குக் குறைந்தது. அதுதானே வேண்டியிருந்தது, குறைந்தது. பிள்ளைக்கும் குறைந்தது, சரி. அம்மாவுக்கும் குறைந்தது, சரி. இன்சூரன்ஸ் வக்கீல் வெளியே வந்து எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

வெளியே வரும்போது அம்மா கேட்டது, “என்னப்பா சொன்னாங்க?”

“அவளுக்கு முப்பது வெட்டிட்டாங்க.”

“எதுக்கு?”

“இவன் போன் பேசிக்கிட்டே போனான், தலையில ஒண்ணும் மாட்டலைன்னு.”

அம்மா நின்றுவிட்டது. “மாட்டியிருந்தானேடா. ஆஸ்பத்திரியில அதைத்தானே எங்கிட்ட குடுத்தாங்க. உள்ள ரத்தமா இருந்துச்சு, நான்தானே கழுவுனேன்.”

எனக்கு யாரும் சொல்லவில்லை. கழுவி எங்கே வைத்தது, யாருக்குத் தெரியும்? கூண்டில் என்னைக் கேட்டார்கள், நான் சொன்னேன். அம்மாவை யாரும் கேட்கவில்லை. சாட்சி யார் என்று வக்கீல் கேட்டபோது அம்மாவுக்குப் பேச வராது, நானே ஏறுகிறேன் என்றேன். அது சரிதானே? அதற்குக் கோர்ட்டில் பேச வராதுதான்.

மூன்று நாள் அம்மா வீட்டில் இருந்தது. சோறு வைக்கும், தண்ணீர் வைக்கும், கொல்லைக்குப் போய்விடும். நாலாம் நாள் சாயங்காலம் நான் எழுந்து பார்க்கிறேன், வீடு காலி. துணிப்பையைக் காணோம். சுருக்குப்பையைக் காணோம். நான் தூங்குகிற நேரம் பார்த்து, சத்தம் வராமல் தாழ்ப்பாளைத் திறந்து போயிருக்கிறது. இரண்டு தெரு தள்ளித்தான்.

போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன். நாகஜோதி உள்ளே போய்விட்டாள். அம்மா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. வா என்றேன். என்ன குறை வைத்தேன் உனக்கு என்று கேட்டேன். லாரிக்காரனோடு உன்னைச் சேர்த்து நிறுத்தினவள் வீட்டில் உனக்கென்ன வேலை என்று கேட்டேன். தெருவே கூடிவிட்டது.

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. “இங்கன்னா பகல்ல இருமலாம்டா” என்றது.

அவ்வளவுதான் சொன்னது. ஒன்றரை வருஷம் ஆகிறது.

இதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? இருமலாமாம்! நான் எப்போது இருமக் கூடாது என்றேன்? ஒரு தடவையாவது சொல்லியிருப்பேனா? அவள் சொல்லிக் கொடுத்தது. அப்படியே அவள் பேச்சு.

இப்போது வீட்டில் ஒரு சத்தம் இல்லை. குக்கர் இல்லை, பிள்ளை இல்லை. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுப் படுத்தால் தூக்கம் வர மாட்டேன் என்கிறது. என்ன வியாதியோ. இங்கே வந்து இந்தத் தூணில் சாய்ந்தால், டவாலி கூப்பிடுகிற சத்தத்தில், டைப் அடிக்கிற சத்தத்தில், ஒரு மணி நேரமாவது கண் அயரும்.

பங்கீட்டை எதிர்த்து அப்பீல் போடலாம். படித்துவைத்திருக்கிறேன். தாய்க்கு இருபது போதாது என்று கேட்கலாம், அவள் நாற்பதிலிருந்து எடுக்கலாம். அம்மா ரேகை மட்டும்தான் வேண்டும். நாள் கடந்துவிட்டது, கடந்தால் என்ன, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மனு போடலாம். நான் விடுவதாக இல்லை. அவள் அந்த நாற்பதை முழுசாகத் தின்னக் கூடாது.

அதனால்தான் சொல்கிறேன் அண்ணே. முதலிலேயே உங்கள் அம்மாவைப் பிரித்துவிடுங்கள். தனி வக்கீல், தனி மனு. நான் செய்த தப்பு, தாமதமாக ஆரம்பித்தது.

என்ன கேட்டீர்கள்? அம்மாவைப் பார்த்தேனா? பார்க்காமல் என்ன. மாசம் ஒரு நாள் அந்தத் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவேன். அது வழி இல்லைதான், கொஞ்சம் சுற்று.

அதோ வருகிறார்கள். அந்த மஞ்சள் சேலைதான் உங்கள் தம்பி பெண்டாட்டியா? சின்னப் பெண்ணாக இருக்கிறதே. பாருங்கள், உங்கள் அம்மா படியேற முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதை. எல்லாம் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். ரேகை விழும் வரைக்கும்.

வாங்கம்மா. ஆமா, நான்தான் தைக்கிறது. எல்லாம் சரியா இருக்கும்மா, ஒரு இடம்தான் பாக்கி. ரேகையா? அதை எங்கிட்டக் கேக்காதீங்க. உங்க பெரிய மகன் உக்காந்திருக்காரு, அவர்கிட்டக் கேளுங்க.

சொல்லுங்கள் அண்ணே. அவர்கள் நிற்கிறார்கள். என் முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? உங்கள் அம்மா, உங்கள் தம்பி. உங்கள் வாயால் சொல்லுங்கள்.

ம்?

வைக்கச் சொல்கிறீர்களா.

நான் இவ்வளவு நேரம் சொன்னது...

சரி. வைக்கட்டும். எனக்கென்ன. நாளைக்கு என்னைத் தேடிக்கொண்டு வராதீர்கள்.

இப்படி வாங்க ஆத்தா, கீழ உக்காருங்க. இடது பெருவிரலு. ரொம்ப அழுத்தாதீங்க, ரேகை விழாது, கறைதான் விழும். கை நடுங்குதே. ஏம்மா, நீ பக்கத்துல உக்காந்து அவங்க மணிக்கட்டைப் புடிச்சுக்க. அப்படித்தான். உருட்டு. மெதுவா. எடு. விழுந்துருச்சு.

மையைச் சேலையில துடைக்காதீங்க ஆத்தா, போகாது. தலையில தேச்சுக்கங்க.

காயட்டும், தாளை மடக்காதீங்க. வழக்கமா காஞ்சப்புறம் நாளைக்குத்தான் தைப்பேன். இன்னைக்கே தைக்கிறேன். குமாஸ்தா கத்துவாரு, அதுக்காகத்தான்.

கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா. வெளிச்சத்தை மறைக்கிற. ஊசியில நூல் கோக்கணும்.